பேச்சி கொடுக்காத பாட்டில்

14 ஜூலை 1986, திங்கள்

காலையிலிருந்து காற்று. ஆடி இன்னும் பிறக்கவில்லை, அதற்குள் அவசரம். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுத் திரும்புவதற்குள் பாதிக் கோட்டைக் காணோம். கண்ணெல்லாம் மண். ஞாயிற்றுக்கிழமை தடகளத் தேர்வுப் போட்டி. டெல்லியில் நடக்கும் பயிற்சி முகாமுக்கு ஆள் எடுக்கிறார்கள்.

செய்ய வேண்டியது: விசிலுக்குப் புதுக் கயிறு. கண்ணுக்குச் சொட்டு மருந்து. ரேஷனில் சீனி வந்ததா என்று கேட்க. இவரைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போக (ஒரு வாரமாக வர மறுக்கிறார். வீங்கின கன்னத்தோடு பேப்பர் படிக்கிறார்).

சாயங்காலம் அசோசியேஷன் செக்ரட்டரி கூப்பிட்டு அனுப்பினார். இந்தத் தடவை மருந்துச் சோதனை உண்டாம். மெட்ராஸிலிருந்து போன மாதமே சுற்றறிக்கை வந்துவிட்டதாம். ஒவ்வொரு போட்டியிலும் ஜெயிப்பவர் மூத்திரம் கொடுக்க வேண்டும். பாட்டிலில் அடைத்து அரக்கு வைத்து டெல்லிக்குப் போகும். ஊக்க மருந்து எடுத்திருந்தால் அதில் தெரிந்துவிடும், தடை. கொடுக்க மறுத்தால் எடுத்ததாகவே அர்த்தம், அதே தடை. பெண்கள் கொடுக்கும்போது ஒரு பெண் கூடவே நின்று கண்ணால் பார்க்க வேண்டும், வேறு யாருடையதையோ மாற்றி ஊற்றிவிடாமல். அந்தப் பெண் நான்.

"நின்னு பாக்கணும்னா, எப்படி சார்?"

"எப்படின்னா, பாக்கணும் டீச்சர். ரூல் அப்படி." மேஜை விரிப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

இத்தனை வருடம் பெண்பிள்ளைகளை ஓடச் சொல்லி, குதிக்கச் சொல்லி விசில் ஊதியாகிவிட்டது. கடைசியில் இதற்கும் ஓர் ஆர்டர்.

"ஒரு மாசம் முன்னாடியே சொல்லிட்டா, போடுறவன் நிறுத்திட மாட்டானா சார்?" என்றேன். "அது நமக்கெதுக்கு டீச்சர்" என்றார். திருடனுக்குத் தேதி சொல்லிவிட்டுக் காவல் போடுகிறார்கள்.

15, செவ்வாய்

பேச்சியம்மாள் குண்டு எறிவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். என் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. ஆறாம் வகுப்பில் கருங்கல்லைத் தூக்கிப் பக்கத்து வீட்டு ஓட்டை உடைத்தவள், நான்தான் கையில் குண்டைக் கொடுத்தேன். இப்போது இருபத்தொரு வயது, காலேஜ் கடைசி வருடம். முகாமுக்குப் போய் வந்தால் விளையாட்டுக் கோட்டாவில் கிளார்க் வேலை உறுதி என்று எழுதியே வந்திருக்கிறது. அப்பா இல்லாத வீடு. அம்மா ராக்கம்மா அப்பளக் கம்பெனியில் தேய்க்கிறாள். வில்லாபுரத்தில் ஒற்றை அறை. அந்த வேலை ஒன்றைத்தான் இரண்டு பேரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

நன்றாக எறிகிறாள். போன வருடத்தைவிட வெகு தூரம். தோள் அகன்றுவிட்டது. முகம் முழுக்கப் பரு. குரல் கட்டிப்போய்க் கிடக்கிறது.

"என்னடி, தொண்டை?"

"மூணு மாசமா இப்படித்தான் இருக்கு டீச்சர். தண்ணி மாறுனதுன்னு அம்மா மிளகு கசாயம் வச்சுக் குடுக்குது."

அவளுடைய கோச் தங்கராஜ் பக்கத்தில் நின்று சிரித்தார். பெரிய மனிதர், கூலிங் கிளாஸ், கையில் எப்போதும் ஒரு துண்டு. ஆண்கள் பக்கம் வட்டு எறிகிறவர்கள், குண்டு எறிகிறவர்கள் எல்லாரும் அவருடைய பையன்கள். "காத்துல கத்திக்கிட்டே இருந்தா தொண்டை கட்டத்தான் செய்யும்" என்றார்.

எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை. என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

சீனி வரவில்லை.

17, வியாழன். ஆடி ஒன்று

மாரியம்மன் கோயில் மைக் விடியும் முன்பே. இவருக்குப் பல் பிடுங்கியாகிவிட்டது. வீட்டுக்கு வந்து பஞ்சைக் கடித்துக்கொண்டு சைகையில் காபி கேட்டார். வாய் மூடியிருக்கும் ஒரு நாள். நிம்மதி.

மைதானத்தில் எல்லாருக்கும் பாட்டில் பேச்சுதான். பையன்கள் சிரிக்கிறார்கள். "மாப்ள, எனக்கு ரெண்டு பாட்டிலாக் குடுக்கச் சொல்லு, நெறைய இருக்கு." பெண்பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஓட்டக்காரப் பிள்ளை ஒன்று என்னிடம் வந்து, "டீச்சர், நீங்க திரும்பி நின்னுக்குவீங்கள்ல?" என்றது. ரூலைச் சொன்னேன். முகம் செத்துப்போயிற்று.

ஊசி போடுகிறவர்கள் யார் யார் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். வட்டு எறியும் அந்தத் தடியன் இரண்டே வருடத்தில் தூண் மாதிரி ஆனது உளுந்தங்களி தின்றா? ஆனால் அவன்தான் கவலையே இல்லாமல் வேப்ப மரத்தடியில் தூங்குகிறான். பயப்படுகிறது எல்லாம் ஒன்றும் அறியாத பிள்ளைகள்.

20, ஞாயிறு

எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

காலையில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. காற்று மட்டும் கூட. மெட்ராஸிலிருந்து ஒரு சின்ன டாக்டர் வந்திருந்தார், தகரப் பெட்டியில் பாட்டில்கள். பெண்களுக்கு என்று ஸ்டோர் ரூமுக்குப் பின்னால் ஒரு கக்கூஸ். தாழ்ப்பாள் கிடையாது, தேவையும் இல்லை, நான்தான் வாசலில் நிற்கிறேனே. நின்றேன். பார்த்தேன். அந்த ஓட்டக்காரப் பிள்ளைக்கு வரவே இல்லை. இரண்டு கலர் சோடா குடித்தது, குழாயைத் திறந்து விட்டோம், அழுதது. கடைசியில் அழுகையோடேயே வந்தது. பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டது. இனி எந்த நாளும் என்னை நேருக்கு நேர் பார்க்காது. மருந்து சாப்பிட்டவளைப் பிடிப்பதற்காக ஊரிலுள்ள பெண்களை எல்லாம் துணி தூக்கச் சொல்வது என்ன நியாயம் என்று யாரைக் கேட்பது.

பேச்சி ஜெயித்தாள். இரண்டாவது வந்தவளுக்கும் இவளுக்கும் இடையில் ஒரு கட்டில் போடலாம். தங்கராஜ் துண்டைச் சுற்றினார். பேச்சி சிரித்துக்கொண்டே என்னிடம் வந்தாள். "டீச்சர், நீங்கதான நிக்கிறீக, எனக்கென்ன வெக்கம். வாங்க" என்றாள். பாட்டிலையும் கையில் வாங்கிவிட்டாள்.

அப்போது ராக்கம்மா வந்தாள். மகள் ஆடும் மைதானத்துக்கு ஒரு நாளும் வராதவள். கம்பெனியிலிருந்து நேரே ஓடி வந்திருப்பாள் போல, முந்தானையெல்லாம் உளுந்து மாவு. யாரிடமும் ஒரு வார்த்தை இல்லை. பாட்டிலைப் பிடுங்கித் தரையில் வைத்தாள். மகள் கையைப் பிடித்தாள்.

"வீட்டுக்கு வா."

"அம்மா, விடும்மா. எல்லாரும் பாக்குறாக."

"வான்னு சொன்னேன்ல. குடுக்கக் கூடாது நீ."

நான் நடுவில் போனேன். "ராக்கம்மா, குடுக்கலேன்னா இவ மருந்து சாப்பிட்டதா எழுதிருவாங்க. வேலை போயிரும்."

"போகட்டும்" என்றாள். "வேலை போனாப் போகட்டும் டீச்சரம்மா. மானம் இருந்தாப் போதும்."

பேச்சி கத்தினாள், அழுதாள். அத்தனை பெரிய தோள், அம்மாவை ஒரு தள்ளுத் தள்ளினால் பத்தடி தள்ளிப் போய் விழுவாள். தள்ளவில்லை. அந்த ஒல்லிக்குச்சி இழுக்க இழுக்கப் போய்விட்டாள்.

சின்ன டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பார்ம் ஒன்றை நீட்டினார். அதில் இரண்டே கட்டம். கொடுத்தார். மறுத்தார். சாட்சி என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். ஓரத்தில் 'மாதவிலக்கு நேரம், கூச்சம்' என்று நானாக எழுதி வைத்தேன். பொய்தான். வேறு என்ன எழுதிக் காப்பாற்றுவது. "அதெல்லாம் காரணம் ஆகாது மேடம்" என்றார். இருந்தாலும் நான் எழுதியதை அடித்துவிடவில்லை. 'மறுத்தார்' கட்டத்தில் குறி போட்டேன்.

அந்த வட்டுக்காரத் தடியன் ஜெயித்தான். பாட்டில் நிறையக் கொடுத்தான். டாக்டரிடம் கைகுலுக்கிவிட்டுப் போனான்.

21, திங்கள்

தலைவலி. இரண்டு பீரியடுக்குப் பிள்ளைகளைத் தானாக விளையாட விட்டுவிட்டு மரத்தடியில் உட்கார்ந்தேன்.

தங்கராஜைக் கேட்டேன், ராக்கம்மா ஏன் இப்படிச் செய்தாள் என்று. தெரியாது என்றார். அவர் முகத்தில் கோபமில்லை, பயம் இருந்தது. "நீங்க சமாதானம் பண்ணி எழுதிக் குடுக்கச் சொல்லுங்க டீச்சர். பதினஞ்சு நாளைக்குள்ள அப்பீல் பண்ணலாம்" என்றார். "நீங்க போய்ச் சொல்லலாமே" என்றேன். அவசர வேலையாகத் திருமங்கலம் போகிறாராம்.

மானம் என்றாளே. மூத்திரம் கொடுப்பதில் மானம் போகும் என்றால் சொல்ல வேண்டியதுதானே, நானும் அதைத்தானே சொல்கிறேன். ஆனால் அவள் கண்ணில் இருந்தது வெட்கமில்லை. வேறு என்னமோ.

23, புதன்

பேப்பரில் வந்துவிட்டது. 'சோதனைக்கு மறுத்த மதுரை வீராங்கனை.' பெயரோடு. ஊக்க மருந்து என்ற வார்த்தை தலைப்பில் இல்லை, கீழே நாலு இடத்தில். இவர் சத்தமாகப் படித்துவிட்டு, "போட்டிருப்பா. இல்லேன்னா ஏன் ஓடுறா" என்றார். பல் பிடுங்கிய வாய்க்கு அதற்குள் பேச்சு வந்துவிட்டது. சாம்பாரில் உப்புப் போட மறந்தேன், அதைப் பற்றியும் பேசினார்.

ஸ்டாப் ரூமிலும் அதேதான். தமிழ் டீச்சர்: "உங்க பொண்ணுதான?" ஆமாம் என்றேன். வேறு யார் பொண்ணு.

சீனி வந்தது. வரிசை நீளம், திரும்பிவிட்டேன்.

25, வெள்ளி

பள்ளிக்கூடம் விட்டு நேரே வில்லாபுரம். பஸ்ஸில் கோயில் கூழுக்குப் போகிற கூட்டம், மூச்சு முட்டியது. வீட்டு வாசலில் அப்பளம் காயவில்லை. வழக்கமாகக் காயும். ராக்கம்மா வேலைக்கே போகவில்லை. பேச்சி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள், எழுந்திருக்கவில்லை.

அப்பீல் தாளை எடுத்துக் காட்டினேன். "ஒண்ணும் பயப்படாத ராக்கம்மா. இவளுக்கு அன்னைக்கு விலக்கு, அதான் கூச்சப்பட்டான்னு நானே எழுதி வச்சிருக்கேன். அதையே அப்பீல்லயும் எழுதினாப் போதும்."

ராக்கம்மா என்னையே பார்த்தாள். பிறகு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். சத்தம் வெளியே போகாமல் அழுகிற அழுகை, உடம்பு மட்டும் ஆடுகிறது.

"அது ஒண்ணு இருந்தா நான் ஏன் டீச்சரம்மா அங்கன வாரேன்" என்றாள். "மூணு மாசமா இவ தலைக்கு ஊத்தல. மூணு மாசமா அந்தச் சாக்கு விரிக்கல."

இவர்கள் வீட்டில் தூரமானால் மூன்று நாள் கதவோரம் தனிச் சாக்கு, தனித் தட்டு, டம்ளர். ஒற்றை அறையிலும் அது தப்பாது. அதனால் மறைக்கவும் முடியாது. ராக்கம்மா மூன்று மாதமாகச் சுருட்டிக் கிடக்கும் சாக்கையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். கேட்டிருக்கிறாள், அடித்திருக்கிறாள். பேச்சி எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. தங்கராஜ், மைதானம், வெளியூர்ப் பயணம், எல்லாவற்றையும் போட்டுக் குழப்பி ராக்கம்மா ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கம்பெனியில் கூட வேலை செய்கிறவள் சொன்னாளாம், ஜெயிச்ச பிள்ளைகளிடம் மூத்திரம் வாங்கிப் பாட்டிலில் டெல்லிக்கு அனுப்புகிறார்கள் என்று.

"எங்க தெருவுல மூத்திரம் குடுக்கப் போறது வேற எதுக்கு டீச்சரம்மா? மாசம் தள்ளிப்போனவதான் சீசாவுல கொண்டு போவா. அங்க டெல்லியில பாத்துப் பேப்பர்ல போட்டுட்டா? எங்கண்ணன் மகனுக்குத் தையில இவளப் பேசி வச்சிருக்கு. அண்ணன் அருவாளத் தூக்கிருவாரு."

அந்தச் சோதனை வேறு, இந்தச் சோதனை வேறு, அதில் இதைப் பார்க்க மாட்டார்கள் என்று சொன்னேன். நான் சொல்வது அவளுக்கு ஏறவில்லை. ஏற வேண்டிய நாள் போன ஞாயிறு.

பேச்சியை எழுப்பி உட்கார வைத்தேன். கண் இரண்டும் வீங்கியிருந்தது.

"டீச்சர், எங்கப்பா சமாதி மேல சத்தியம். ஒருத்தன் என் கையக்கூடத் தொட்டதில்ல."

நம்பினேனா? உள்ளதைச் சொல்வதென்றால், முக்கால்வாசி நம்பினேன். கால்வாசி என்னை விட்டுப் போகவில்லை. பெண்ணைப் பெற்றவளோ பாடம் சொன்னவளோ, பெண் என்றால் முதலில் அந்தப் பக்கம்தான் புத்தி போகிறது.

நாளைக்குக் காலையில் எனக்குத் தெரிந்த லேடி டாக்டரிடம் கூட்டிப்போகிறேன், காதும் காதும் வைத்த மாதிரி முடித்துவிடலாம், ஒன்றும் இல்லையென்றால் நிம்மதி என்றேன். ராக்கம்மா தலையாட்டினாள். "வாரேன் டீச்சரம்மா. நீங்க கூட இருந்தா வாரேன்."

படியிறங்கும்போது எதிரே ஒருவர் ஏறி வந்தார். வெள்ளை வேட்டி, மீசை, கையில் மடித்த பேப்பர். ராக்கம்மாவின் அண்ணன் என்று பார்த்ததும் தெரிந்தது, அதே மூக்கு. நான் நின்றிருக்கலாம். கடைசி திருநகர் பஸ் போய்விடும் என்று வந்துவிட்டேன்.

26, சனி

வீடு பூட்டியிருக்கிறது.

பக்கத்து வீட்டம்மா: "விடியக்காலையில பேரையூர் பஸ்ஸுக்குப் போயிட்டாக. கொலசாமி கும்பிடப் போறோம்னு சொல்லுச்சு. பிள்ள வர மாட்டேன்னு ஒரே மல்லுக்கட்டு. நேத்து அண்ணங்காரரு வந்து பேப்பரக் காட்டிச் சத்தம் போட்டாருல்ல, அதான் மனசு சரியில்லாமப் போறாகன்னு நெனச்சேன்."

ஆடியில் குலசாமி கும்பிடப் போகிறவர்கள் பொங்கப் பானை கொண்டுபோவார்கள். பானை கொண்டு போனாளா என்று கேட்டேன். இல்லையாம்.

எந்த ஊர், யார் வீடு என்று எனக்குத் தெரியாது. பேரையூர் போய் யாரை விசாரிப்பது. லேடி டாக்டரிடம் போய் வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

27, ஞாயிறு

ஒன்றும் ஓடவில்லை. துணி துவைத்தேன். காற்று எல்லாவற்றையும் முள்வேலியில் கொண்டுபோய்ப் போட்டது. இவருடைய புதுச் சட்டை கிழிந்தது.

29, செவ்வாய்

பெரியாஸ்பத்திரி. பெண்கள் வார்டு. பக்கத்து வீட்டம்மா ஆள் அனுப்பியிருந்தாள், பள்ளிக்கூடத்திலிருந்து அப்படியே விசிலோடு ஓடினேன்.

பேச்சிக்கு நினைவில்லை. காய்ச்சல் கொதிக்கிறது. ராக்கம்மா ஊரில் ஒரு மருத்துவச்சியிடம் கூட்டிப்போயிருக்கிறாள். அவள் எதையோ உள்ளே வைத்து, எதையோ குடிக்கக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். ஞாயிறு ராத்திரியே குளிர் கண்டுவிட்டது. திங்கள் மதியம் வரை ராக்கம்மா யாரிடமும் சொல்லாமல் ஈரத்துணி போட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். பருத்தி ஏற்றி வந்த லாரியில் கிடத்திக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரி லேடி டாக்டர் வெளியே வந்தார். பெண் பிழைத்தாள், கர்ப்பப்பை போய்விட்டது. இதை நின்றபடியே சொன்னார், நின்றபடியே கேட்டுக்கொண்டோம்.

என்னை மட்டும் தனியே கூப்பிட்டார். "நீங்க டீச்சர்தான? அந்தப் பொண்ணு கர்ப்பமாவே இல்ல. இருந்த அடையாளமே இல்ல. முகத்துல பரு, மேலுதட்டுல முடி, தொண்டை ஆம்பளத் தொண்டையா இருக்குன்னு அம்மா சொல்றாங்க. எதுவும் ஊசி போட்டாளா? ஆம்பளைங்களுக்குப் போடுற மருந்த உடம்பு ஏறணும்னு பொம்பளப் பிள்ளைக்குப் போட்டா மாசாமாசம் வர்றது நின்னு போகும்."

வராந்தாவில் உட்கார்ந்தேன். எத்தனை நேரம் என்று தெரியாது. மைதானத்தில் நின்று அந்தக் குரலைக் கேட்டேனே. தண்ணி மாறினது என்றாள், நானும் தலையாட்டினேன். கோபம் வருகிறது, யார் மேல் என்று பிரித்து எழுதத் தெம்பில்லை.

30, புதன்

தங்கராஜ் வார்டுக்கே வந்தார். பையில் சாத்துக்குடி. ராக்கம்மாவைப் பார்க்கத் துணிவில்லாமல் மாடிப்படியில் நின்றிருந்தார். அங்கேயே பிடித்தேன்.

"என்ன ஊசி போட்டீங்க?"

முதலில் சத்து ஊசி என்றார். நான் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கூலிங் கிளாஸைக் கழற்றித் துடைத்தார். "எல்லாரும் போடுறதுதான் டீச்சர். வடக்க உள்ள பிள்ளைக அம்புட்டும் போட்டுத்தான் எறியுது. நம்ம பிள்ள மட்டும் கஞ்சி குடிச்சிட்டு எறிஞ்சா எங்க போய் நிக்கும்? வேலை கெடைக்கட்டும்னுதான் செஞ்சேன்."

"அவளுக்குத் தெரியுமா, என்ன மருந்துன்னு?"

"சத்து ஊசின்னு சொன்னேன். கம்பவுண்டர்தான் போட்டாரு."

"மாசாமாசம் வர்றது நின்னுபோகும்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"அதெப்படி டீச்சர்" என்றார். உண்மையிலேயே அவர் முகம் கூச்சத்தில் சிவந்தது. "வயசுப் பிள்ளைகிட்ட ஆம்பள நான் அதெல்லாம் எப்படிப் பேசுறது?"

ஊசி போடக் கூச்சமில்லை. சொல்லத்தான் கூச்சம்.

அப்புறம் சொன்னார், தனக்கு ஆறுதலாகவோ எனக்கு ஆறுதலாகவோ. "சுற்றறிக்கை வந்த அன்னைக்கே பையங்களுக்கும் நிறுத்திட்டேன், இவளுக்கும் நிறுத்திட்டேன். அன்னைக்கு அந்தப் பாட்டில்ல குடுத்திருந்தா ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது டீச்சர். இந்நேரம் டெல்லிக்கு மூட்டை கட்டிக்கிட்டிருப்பா."

அறைய வேண்டும் என்று கை வந்தது. ஒரு கிழவி எங்கள் இருவருக்கும் நடுவில் தூக்குவாளியோடு ஏறிப் போனாள். கையை இறக்கிவிட்டேன். சாத்துக்குடிப் பையைப் படியிலேயே வைத்துவிட்டு அவர் போய்விட்டார்.

31, வியாழன்

நாலு பக்கம் எழுதினேன். ஊசி, கம்பவுண்டர், தங்கராஜ், எல்லாம். செக்ரட்டரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நிதானமாகப் படித்தார். கெட்ட மனிதர் இல்லை. "டீச்சர், மறுத்ததுக்கு ரெண்டு வருஷம் தடை. கூச்சம்னு எழுதினா நாளைக்கு எவனாவது மனசு எறங்கிக் குறைக்கலாம். இதக் குடுத்தீங்கன்னா, போட்டது நெசம்னு நம்மளே எழுதிக் குடுத்ததாயிரும். அவ தலையிலதான் விழும்."

"போட்டவர் தலையில விழாதா?"

ரூல் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். "படிச்சுப் பாருங்க. விளையாடுறவங்களுக்குத்தான் எல்லாம். கோச்சுக்குன்னு இதுல ஒரு வரி கெடையாது."

படித்தேன். இல்லை. யார் உடம்பில் இருக்கிறதோ அவள்தான் குற்றவாளி. எப்படி வந்தது, யார் வைத்தார், அவளுக்குத் தெரியுமா, எதையும் கேட்க இடமில்லை. நாலு பக்கத்தையும் திரும்ப வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

எழுந்திருக்கும்போது காலில் இடித்தது. மேஜைக்கு அடியில் அந்தத் தகரப் பெட்டி. அரக்கு வைத்த பாட்டில்கள் அப்படியே இருந்தன.

"இன்னும் போகலையா சார்?"

"ஐஸ் வச்சு அனுப்பணும்கிறாங்க. ரயில்ல ஏத்த மாட்டேங்கிறான். செலவுக்கு யாரு சாங்ஷன் குடுக்கிறதுன்னு மெட்ராஸுக்கு எழுதியிருக்கேன். பதில் இல்ல." மூக்கைப் பொத்திக்கொண்டார். "இனிமே அனுப்பி என்ன, எல்லாம் கெட்டுப்போயிருக்கும். கொட்டச் சொல்லணும். முகாமுக்குப் பட்டியல் போயிருச்சு."

வட்டுக்காரன் பட்டியலில் இருக்கிறான்.

1 ஆகஸ்ட், வெள்ளி

ராக்கம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரிப் புளியமரத்தடியில் உட்கார வைத்து, ஒவ்வொன்றாக. ஊசி போட்டால் அது நின்றுபோகும். உன் மகள் மேல் ஒரு தப்பும் இல்லை. டாக்டரே சொன்னார், வயிற்றில் ஒன்றுமே இருந்ததில்லை.

கேட்டுக்கொண்டாள். வெகுநேரம் தரையில் கிடந்த புளியம்பூவைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"நல்ல மனசு டீச்சரம்மா உங்களுக்கு" என்றாள். "டாக்டரம்மாவுக்கும் நல்ல மனசு. ரெண்டு பேருமாப் பேசி வச்சு, பெத்தவ மனசு ஆறணும்னு சொல்றீக."

"சத்தியமாச் சொல்றேன் ராக்கம்மா."

"போனது போயிருச்சு. இனிமே இருந்துச்சா இல்லையான்னு எதை வச்சுப் பாக்குறது? அண்ணன்கிட்ட கொடல் நோவுன்னு சொல்லியிருக்கேன். அப்படியே இருக்கட்டும்."

அவள் நம்ப மாட்டாள். இப்போது புரிகிறது. நம்பினால், ஒன்றுமில்லாத வயிற்றுக்காகத் தன் கையாலேயே மகளை அங்கே இழுத்துப் போனதாகிவிடும். அதை எந்தத் தாய் தாங்குவாள். மகள் கெட்டுப்போனாள் என்பதே அவளுக்குச் சின்னத் துக்கம்.

வீட்டுக்கு வந்து குளித்தேன். இவர் ஒன்றும் கேட்காமல் காபி போட்டுக் கொடுத்தார். சீனி இல்லை, கருப்பட்டி.

2 ஆகஸ்ட், சனி

காற்று இல்லை. புழுக்கம்.

பேச்சிக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. கண் திறந்தாள், என்னை அடையாளம் தெரிந்தது. ராக்கம்மா கஞ்சி வாங்கி வந்து கட்டிலோரம் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். மகள் விழித்திருக்கும்போது அவள் உள்ளே உட்காருவதில்லை. நர்ஸ் சொன்னாள், இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை என்று.

ஊசியைப் பற்றி, நின்றுபோனதைப் பற்றிச் சொன்னேன். ஆபரேஷனில் என்ன போயிற்று என்பது அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. பக்கத்துக் கட்டிலில் பேசிக்கொண்டார்களாம். அழவில்லை. கையை மடக்கி, விரித்து, மடக்கிப் பார்த்தாள். அந்தப் பெரிய கை.

"அன்னைக்கு நான் பாட்டில வாங்கிட்டேன்ல டீச்சர்."

"ஆமா."

"அம்மா வர்றதுக்குள்ள வெரசாக் குடுத்திருக்கலாம். உங்ககிட்ட நின்னு பேசிக்கிட்டு இருந்துட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "குடுத்திருந்தா டெல்லியில இருந்து காயிதம் வந்திருக்கும்ல. இந்தப் பிள்ள உடம்புல ஒண்ணும் இல்ல, சுத்தமா இருக்குன்னு கவர்மெண்டு சீல் போட்டு. அதக் காட்டியிருந்தா எங்கம்மா நம்பியிருக்கும்ல?"

வந்திருக்கும் என்றேன். நம்பியிருக்கும் என்றும் சொன்னேன். கஞ்சி ஆறிவிட்டது. ஸ்பூன் இல்லை, கையாலேயே ஊட்டினேன்.